ஐம்பது ஆண்டும் ஓர் இரவும்: தனுஷ்கோடி ரயில் நிலையம்



கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதுமே, "தனுஷ்கோடிதானே?" என்று கேட்டார்கள். ஆமாம், தனுஷ்கோடிதான். அந்தப் பெயரைச் சொன்னால் நம் நினைவு ஓடும் தடம் ஒன்றே ஒன்று: 1964 டிசம்பர், புயல், கடல் கொண்டுபோன பாசஞ்சர் ரயில், அதற்கப்புறம் ஆவிக் கதை. ஆனால் அந்த இரவுக்கு முன் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அங்கே வேலை நடந்தது. டிக்கெட் கிழித்தார்கள், மூட்டையைச் சோதித்தார்கள், கப்பலுக்குக் காத்திருந்தார்கள், அழுதார்கள், திரும்பி வந்தார்கள். ஓர் இரவு அந்த ஐம்பது ஆண்டையும் நம் நினைவிலிருந்து துடைத்துவிட்டது. இடிந்த சுவரை எப்படிக் காப்பாற்றுவது என்று அவ்வப்போது பேசுகிறோம். அந்தச் சுவருக்குள் நடந்ததை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசுவதில்லை. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த நிலையம் ஏன் வந்தது என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கே கப்பல் ஏறி, ஓர் இரவு முழுக்கக் கடலில் ஆடியபடி போக வேண்டும். ராமேஸ்வரம் தீவு வழியாகப் போனால் கடல் பயணம் வெகுவாகக் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மணல் திட்டுகளின் மேலேயே இலங்கை வரை ரயில் பாதை போட்டுவிடலாம் என்றுகூட ஒரு திட்டம் இருந்தது. செலவுக்குப் பயந்து அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ஏற்பாடு இது: பாம்பனில் பாலம், தீவின் முனையில் தனுஷ்கோடி நிலையம், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டருக்குக் கப்பல், எதிர்க்கரையில் தலைமன்னார் துறை, அங்கிருந்து மறுபடி ரயில். பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. தென்னிந்திய ரயில்வே கம்பெனியே கப்பலையும் ஓட்டியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயரில் மூன்று கப்பல்கள். பிற்பாடு இர்வின், கோஷன். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போய்விடலாம். எழும்பூரில் கிளம்பிய வண்டிக்குப் போட் மெயில் என்று பெயர் வந்தது இப்படித்தான். கப்பல் நின்று நாற்பது ஆண்டு ஆகியும் ராமேஸ்வரம் வண்டியைப் போட் மெயில் என்றே சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்றைய வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும் செய்தி ஒன்று உண்டு. அன்றைய முக்கியப் பாதை பாம்பனிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரத்துக்குப் போனது பாம்பனில் பிரியும் கிளைப் பாதை! தனுஷ்கோடிப் பாதையில் "ராமேஸ்வரம் ரோடு" என்று தனியாக ஒரு நிலையம் இருந்தது. அப்துல் கலாம் தம் சுயசரிதையில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று இந்தப் பாதையில்தான் நடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், ராமேஸ்வரம் ரோட்டில், ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். அவற்றைப் பிடித்துக் கொடுக்கும் வேலை சிறுவன் கலாமுக்கு. தனுஷ்கோடி ஐம்பது ஆண்டு எப்படி இருந்தது என்பதற்கு நமக்கு இருக்கும் சான்றுகள் இப்படித்தான் ஒன்றிரண்டு, அதுவும் வேறு எதையோ சொல்ல வந்த புத்தகங்களில்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று அந்த நடைமேடையில் நடந்திருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களின் கதை. மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. கங்காணி ஊரிலிருந்து திரட்டிக்கொண்டு வந்தவர்களை அங்கே தங்கவைத்து, காலரா, அம்மை என்று சோதித்து, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, அதன் பிறகுதான் அனுப்புவார்கள். அவர்களுக்குக் காகித டிக்கெட் கிடையாது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். கடைசியில் தொழிலாளியின் தலையில் கடனாக இறங்கியதும் உண்டு. மண்டபத்தில் ரயில் ஏறி, பாலம் கடந்து, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலுக்கு நடந்த குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சொந்த நாட்டின் மண்ணில் அவர்கள் கடைசியாகக் கால் வைத்த இடம் அந்த நிலையம். 1939இல் இந்திய அரசு இலங்கைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஆனாலும் போக்குவரத்து நிற்கவில்லை. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா என்று அக்கரைக்கும் இக்கரைக்கும் சனங்கள் போய்வந்தபடியே இருந்தார்கள். 1948க்குப் பிறகு இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது, குடிவரவுக் கட்டுப்பாடு வந்தது. அதுவரை அடுத்த ஊருக்குப் போவதுபோல் போய்வந்தவர்களிடம் தாள் கேட்கத் தொடங்கினார்கள். கிராமத்து நிலையம் ஒன்று நாட்டின் எல்லைச் சாவடியாக மாறிய கதை இது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதியைப் பிறகு பேசிக்கொள்வது என்பது முடிவு. அதற்கு எட்டு வாரம் நிறைவதற்குள் தனுஷ்கோடி நிலையம் இல்லாமல் போயிற்று. ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். தாத்தா போன வாசல் வழியாகப் பேரன் திரும்ப முடியவில்லை. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவர்களும் ரயில்வே வரலாற்றை எழுதுகிறவர்களும் ஒருவரையொருவர் படிப்பதில்லை என்பதால், இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இனி அந்த இரவு. எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அந்தமானுக்குத் தெற்கே டிசம்பர் மூன்றாம் வாரத்தில் உருவான தாழ்வு மண்டலம் புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், நிலையத்தை நெருங்கும் இடத்தில் அலையில் போயிற்று. ஊர் முழுவதும் போயிற்று. மொத்தத்தில் இறந்தவர்கள் 1,800 பேருக்குக் குறையாது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ரயிலில் இருந்தவர்கள் 115 பேர் என்று எங்கும் எழுதியிருக்கும்: பயணிகள் 110, ஊழியர்கள் 5. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் அதற்கு மேல் போகும் என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட எண்ணிக்கை பயணிகளின் எண்ணிக்கையாக இருப்பதைவிட விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கையாக இருப்பதே வழக்கம். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. அடுத்து ஓட்டுநர் கதை. கைகாட்டி விழவில்லை, வெளிச்சம் இல்லை, கொஞ்ச நேரம் பார்த்தார், நீளமாக ஊதிவிட்டு வண்டியை எடுத்தார் என்று பத்திரிகைக்குப் பத்திரிகை விவரமாக எழுதுகிறார்கள். அந்த வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் அதே கட்டுரையில் எழுதுகிறார்கள். அப்படியானால் அவர் மனத்தில் ஓடியதை யாரிடம் கேட்டு எழுதினார்கள்? ஊதல் சத்தத்தை நிலையத்தில் இருந்தவர் யாராவது கேட்டிருக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் ரயில்வேயில் ஒரு விபத்து நடந்தால் விசாரணை உண்டு, வாக்குமூலம் உண்டு, கோப்பு உண்டு. அந்தக் காகிதத்தைத் தேடாமல் கதையைக் கதையாலேயே பெருக்கிக்கொண்டிருக்கிறோம். ஆவிக் கதையும் இந்த வகைதான். மேற்கு வங்கத்தில் பேகுன்கோடர் என்று ஒரு சின்ன நிலையம். ஆவி என்று கிளம்பிய பேச்சில் 1967இல் மூடியதை 2009இல்தான் திறந்தார்கள். வதந்திக்கு நாற்பது ஆண்டு ரயிலை நிறுத்தும் பலம் இருக்கும்போது, நடந்ததை மறைக்கும் பலம் இருக்காதா?

பாம்பன் பாலத்தில் 120க்கும் மேற்பட்ட கர்டர்களை அந்தப் புயல் கடலில் தள்ளியது. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்றார்கள், பிறகு மூன்று மாதத்தில் வேண்டும் என்றார்கள். இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலுக்கடியில் கிடந்த கர்டர்களைத் தூக்கி மறுபடி பொருத்தியதால்தான் அது முடிந்தது. பாலம் திரும்பியது, ராமேஸ்வரம் பாதை திரும்பியது. தனுஷ்கோடிப் பாதை திரும்பவில்லை. துறை இல்லை, ஊர் இல்லை, வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசும் அறிவித்துவிட்டது. பிறகு யாருக்காக ரயில்?

இப்போது அங்கே என்ன இருக்கிறது? நிலையத்தின் சுவர்த் துண்டுகள் சில. கொஞ்சம் தள்ளி மாதா கோயிலின் இடிபாடு, பள்ளிக்கூடம், தபால் நிலையம் என்று காட்டப்படும் மிச்சங்கள். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் கார், பஸ் எல்லாம் வருகின்றன. சங்கு, சோழிக் கடைகள் சுவரை ஒட்டி வந்துவிட்டன. சுவரில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். வசிக்கத் தகுதியற்ற அந்த இடத்தில் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் வசித்துக்கொண்டும் இருக்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டினால் கையெட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இடிபாட்டைக் காப்பதில் முதல் எதிரி உப்பு. ஈரத்தோடு சுவருக்குள் ஏறும் உப்பு, தண்ணீர் ஆவியானதும் உள்ளேயே படிகமாகிப் பருக்கும். பருத்த படிகம் கல்லின் முகத்தைப் பொடியாக உதிர்க்கும். பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. உப்பு அந்தச் சாந்து வழியாக வெளியேறும், சாந்து கெடும், கல் பிழைக்கும். கெட்ட சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே சேர்ந்து, சிமென்ட் நிற்கும், கல் உதிரும். நல்லெண்ணத்தோடு ஒரு மூட்டை சிமென்ட் வாங்கிக் கொடுக்கிறவர் புயலைவிட அதிகமாகச் சேதம் செய்துவிடுவார். எனவே அங்கே சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். அந்தக் கரையில் பல கட்டடங்களைப் பவளப்பாறைக் கல்லால் கட்டினார்கள். மாதா கோயில் சுவரில் கைவைத்துப் பார்த்தால் பவளத்தின் துளைகள் தட்டுப்படும். விழுந்த கல்லுக்கு மாற்றாக அதே கல்லை வைக்கலாமே என்றால் முடியாது. பவளத்தை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. நியாயமான தடைதான், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அங்கே உதிரும் ஒவ்வொரு பவளக் கல்லும் மாற்றில்லாத கல் என்பதை இந்தத் தடை நமக்குச் சொல்லாமல் சொல்கிறது. உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி, எண் போட்டு வைப்பதுகூட ஒரு பாதுகாப்பு வேலையாகும்.

அப்படியே எழுப்பிக் கட்டிவிடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. பழைய படம் இருக்கிறது, ஸ்டேஷனை மறுபடி கட்டி, பலகை மாட்டி, ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தினால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு உடன்பாடில்லை. 1964 மே மாதம் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞர்கள் பழைய சின்னங்களுக்கென ஒரு சாசனம் வகுத்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி. தனுஷ்கோடியில் இப்போது நிற்கும் சுவர்த் துண்டுகளுக்கு மேல் எல்லாமே ஊகம்தான். தவிரவும், அந்த இடிபாடு சொல்லும் செய்தியைப் புதுக் கட்டடம் சொல்லாது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? இலங்கையிலேயே பாருங்கள். 2004 சுனாமியில் பெரலிய என்ற இடத்தில் ஒரு ரயில் அடித்துச் செல்லப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகத்திலேயே பெரிய ரயில் விபத்து அது. அந்த எஞ்சினைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அது அந்த இடத்துக்கு வருகிறது. ஜப்பானில் 2011 சுனாமியில் நோபிரு என்ற சின்ன நிலையம் சிதைந்தது. பாதையையே கடலிலிருந்து விலக்கி மேட்டுக்குக் கொண்டுபோய் 2015இல் புது நிலையம் திறந்தார்கள். பழைய நடைமேடையை வளைந்த தண்டவாளத்தோடு அப்படியே விட்டு, பழைய நிலையக் கட்டடத்தைக் காட்சிக்கூடமாக்கினார்கள். ரயில் விலகியது, நிலையம் நின்றது. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான ஒரு திட்டம் வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பதினேழு கிலோமீட்டர் அகலப் பாதை, 208 கோடி ரூபாய். 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அந்தப் பாதையில் இன்னும் ரயில் ஓடவில்லை. ஓடாமல் இருப்பதே நல்லது என்பது என் சொந்தக் கருத்து. ரயில்வே நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மணல் திட்டில் தண்டவாளம் போடுவது சுலபம். காற்று தினமும் மணலைக் கொண்டுவந்து கொட்டும்போது அதை வாரி எறியும் கேங்மேன் யார்? சாலையிலேயே மணல் ஏறிவிடுகிறது, பார்க்கிறோம். பயணிக்கு வேண்டியது போக வழி. அது இருக்கிறது. ஒரு முழு ரயில் நிலையத்தையும் அதற்கான குடியிருப்பையும் மறுபடி அந்த முனையில் வைப்பது, 1964இல் கற்றதை மறப்பதாகும்.

எதிர்க்கரையில் நிலைமை வேறு. தலைமன்னார்ப் பாதை உள்நாட்டுப் போரில் அழிந்தது. இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டுக் கொடுத்து, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் துறை நிலையத்துக்கு ரயில் திரும்பியது. ஒரே சமயத்தில் பிறந்த இரண்டு நிலையங்களில் ஒன்றுக்கு இன்று ரயில் வருகிறது. மற்றது மணலில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே வரலாறாக எழுத வேண்டும். கொழும்பிலுள்ள ஆவணக் காப்பகத்தில் ஒரு பாதி, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு பாதி, லண்டனில் மிச்சம் என்று சிதறிக் கிடப்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து சேர்த்தாக வேண்டும்.

அதனால் நான் கேட்பது முதலில் காகிதத்தை. தனுஷ்கோடியில் வேலை பார்த்தவர்களின் சர்வீஸ் ரெக்கார்டு, பழைய கால அட்டவணை, கப்பல் டிக்கெட், தகர வில்லை, அந்தப் பக்கம் போன தாத்தாவின் பயணத் தாள், இவை பல வீடுகளில் பரண்மேல் இருக்கும். 1964இல் பதினைந்து வயதாக இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். அவர் சொல்வதைப் பதிவு செய்ய இன்னும் பத்தாண்டு காத்திருக்க முடியாது. கேட்கும்போது புயலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கப்பல் வரும் நேரத்தில் நடைமேடையில் என்ன விற்றது, சுங்கக்காரர் எதைப் பிடுங்கினார், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இதையெல்லாம் வைக்கும் காட்சிக்கூடம் தனுஷ்கோடியில் வேண்டாம். கடல் மறுபடி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மண்டபத்தில் வைக்கலாம். பழைய முகாம் அங்கேதான் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த ஏதிலிகள் இன்றும் அங்கே வசிக்கிறார்கள் என்பதால், அவர்களையும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. தனுஷ்கோடியில் வேண்டியது சுண்ணாம்பு, சுவரில் ஏறாதபடி ஒரு தடுப்பு, பாதை போன தடத்தைத் தரையில் காட்டும் குறிகள், காவலுக்கு அங்கேயே வசிக்கும் மீனவர்களில் நாலு பேருக்குச் சம்பளம். பெரிய தொகை ஆகாது.

கடைசியாக, அவசரமான ஒன்று. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தாயிற்று. பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. அதை அகற்றும் பேச்சு நடக்கிறது. தூக்குப் பகுதியை மட்டுமாவது காட்சிக்கு வையுங்கள் என்று பலர் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன். கூடவே இன்னொன்றையும் கேட்கிறேன். கடலில் விழுந்து, மீட்டெடுத்து, 46 நாளுக்குள் மறுபடி ஏற்றிய கர்டர்களில் ஏதேனும் ஒன்று இன்னும் பாலத்தில் இருக்கிறதா என்று பால ரிஜிஸ்டரைப் புரட்டினால் தெரிந்துவிடும். இருந்தால் அது பழைய இரும்புக் கணக்கில் ஏலத்துக்குப் போவதற்குள், பாலத்தின் எந்தக் கண்ணில் இருந்தது என்று எண்ணை எழுதி மண்டபம் நிலையத்தில் இறக்கிவைக்கச் சொல்லி ரயில்வேக்கு இந்த அவையிலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும். வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம்.